ஊசிக்கு முன்னே ஒரு சோதனை

(நமது அறநிலையத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சமயப் பெரியோர்கள் பேசி அமர்ந்த மேடையில் நான் மருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள வேண்டும். நமது மருத்துவ உதவி நிதிக்கு வரும் மனுக்களில் ஒரு மருந்தின் பெயர் அடிக்கடி காணப்படுகிறது: ரிட்டுக்ஸிமாப். நிணநீர்ச் சுரப்பியில் புற்றுநோய் கண்டவர் இதைக் கேட்கிறார். மூட்டுவாதத்தால் விரல் கோணிப் போனவரும் இதையே கேட்கிறார். "இரண்டு நோய்க்கும் ஒரே ஊசியா? நம்மை ஏமாற்றுகிறார்களா?" என்று அன்பர் ஒருவர் என்னிடம் நேரிலேயே கேட்டார். பணம் கொடுப்பவர் கேட்கத்தான் வேண்டும்.

நம் இரத்தத்தில் காவல் வேலை பார்க்கும் வெள்ளணுக்களில் 'பி' அணுக்கள் என்றொரு வகை உண்டு. கிருமிகளைப் பற்றிப் பிடிக்கும் எதிர்ப்பொருள் இவற்றின் வழியாகத்தான் உண்டாகிறது. இந்த அணு கட்டுமீறிப் பெருகினால் அது புற்றுநோய். ஆள் அடையாளம் தவறி, சொந்த உடம்பின் மூட்டையே பகையென்று நினைத்தால் அது வாதம். காவல்காரன் ஒருவனே, கெட்டுப்போகும் விதம்தான் இரண்டு.

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்வது எளிது. குறி போட்ட மரத்தை மட்டும் சாய்த்து வா என்று ஒருவனை அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள். பி அணுவின் மேல் சி.டி.20 என்ற குறி இருக்கிறது. மருந்து அந்தக் குறியைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்கிறது, அணு அழிகிறது. நல்ல மரமா, நோய் கண்ட மரமா என்று அது பார்ப்பதில்லை. ஆனால் நாற்று மேடையில் இருக்கும் கன்றுகளுக்கு அந்தக் குறி கிடையாது. எலும்பு மஜ்ஜையில் உள்ள மூல அணுக்கள்தாம் அந்தக் கன்றுகள். ஆறு மாதம், ஓராண்டில் புதிய பி அணுக்கள் மெல்லத் தலைகாட்டும்.

இப்படி ஒரே அச்சில் வார்த்தது போன்ற எதிர்ப்பொருளைச் செய்யும் வித்தையை 1975ல் கேம்பிரிட்ஜில் கோலர், மில்ஸ்டைன் என்ற இருவர் கண்டுபிடித்தனர். 1984ல் நோபல் பரிசும் கிடைத்தது. அந்த முறைக்குக் காப்புரிமை எடுக்கப்படவில்லை என்பது அறநிலைய மேடையில் சொல்லத்தக்க செய்தி. ரிட்டுக்ஸிமாப் 1997ல் அமெரிக்காவில் புற்றுநோய்க்கும், 2006ல் மூட்டுவாதத்துக்கும் அனுமதி பெற்றது. 2007ல் ஐதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனம் அதற்கு நிகரான மருந்தைக் கொண்டு வந்தது.

பலன் உண்டா? 2002ல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. 60 முதல் 80 வயதுக்குட்பட்ட 399 நோயாளிகள். பழைய மருந்துகள் மட்டும் பெற்றவர்களில் இரண்டாண்டு கழித்து உயிரோடிருந்தவர்கள் 100க்கு 57 பேர். இந்த மருந்தும் சேர்த்துப் பெற்றவர்களில் 70 பேர். எல்லோரும் பிழைத்துவிடவில்லை. ஆனால் அந்தப் பதின்மூன்று பேர் பதின்மூன்று குடும்பங்கள் அல்லவா?

புந்தோங்கில் ஓர் அம்மையார், சுத்த சைவம், "தம்பி, இது எலி இரத்தமாமே?" என்று மறுத்துவிட்டார். எலி இரத்தம் இல்லை அம்மா என்றேன். ஆனால் அந்தப் புரதத்தின் ஒரு பகுதி எலியின் அமைப்பைக் கொண்டது, ஆலைத் தொட்டியில் ஹேம்ஸ்டர் என்னும் சிறு பிராணியின் அணுக்களை வளர்த்து எடுத்துச் சுத்தம் செய்கிறார்கள் என்பதையும் மறைக்காமல் சொன்னேன். சற்று நேரம் பேசாமல் இருந்தார். "முருகன் கணக்கில் எழுதிக்கொள்ளட்டும்" என்று சம்மதித்தார்.

இனி நான் சொல்ல வந்த விஷயம்.

என் மைத்துனர் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பால் வெட்டியவர். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் இதே மருந்தில் அவர் கழுத்துக் கட்டி கரைந்தது. கல்லுமலையில் அர்ச்சனை செய்து, அன்னதானமும் போட்டோம். சிகிச்சை முடிந்த நான்காம் மாதம் கண் மஞ்சளித்தது. மூன்று வாரத்தில் போய்விட்டார். அவரைக் கொண்டுபோனது புற்றுநோய் அல்ல. ஹெப்படைட்டிஸ் பி என்ற கிருமி அவர் கல்லீரலில் பல காலமாக உறங்கிக் கிடந்திருக்கிறது. காவல் அணுக்கள் போனதும் விழித்துக்கொண்டது. ஊசிக்கு முன் அந்தச் சோதனையை யாரும் செய்யவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை.

2013ல் அமெரிக்க மருந்துத் துறை இந்த ஆபத்தை மருந்தின் எச்சரிக்கைக் கட்டத்துக்குள்ளேயே எழுத வைத்தது. செய்ய வேண்டியது சாதாரண இரத்தச் சோதனை. கிருமி இருந்தாலும், முன்பு வந்து போன தடயம் இருந்தாலும், அதை அடக்கும் மாத்திரை உண்டு. ஊசி முடிந்த பிறகும் குறைந்தது ஓராண்டு அதை விடாமல் உட்கொள்ள வேண்டும். நம் நாட்டில் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போடத் தொடங்கியது 1989ல். அதற்கு முன் லயத்தில் பிறந்தவர்கள் நாமெல்லோரும்தான்.

ஆகவே மருந்தின் விலையை மட்டும் பார்த்து ஆயிரக்கணக்கான வெள்ளியை நிதியிலிருந்து கொடுத்துவிடுவது சரியல்ல என்பது என் கருத்து. அரசு மருத்துவமனையில் நிபுணர் எழுதிக் கொடுத்தால் மருந்து கிடைக்க வழியுண்டு. அங்கே போய்ச் சேருவதுதான் நம்மவர்களுக்குப் பாடு. ஊசி என்கிறோமே தவிர, முதல் முறை சொட்டுச் சொட்டாக ஏற்ற நான்கிலிருந்து ஆறு மணி நேரம் பிடிக்கும். குளிரும் காய்ச்சலும் வரக்கூடும். தனியாகப் பேருந்தேறித் திரும்ப முடியாது. இரத்த நோய்க்குப் பெரிய இடம் அம்பாங் மருத்துவமனை. ஈப்போவிலிருந்து இருநூறு கிலோமீட்டர். துணைக்குப் போகிறவரின் அன்றைய கூலியும் போகும். சோதனைக்கும் பயணத்துக்கும் மாத்திரைக்கும் முதலில் கொடுப்போம்.

தைப்பூசத்துக்கு நேர்ந்துகொள்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்தச் சிகிச்சையில் இருப்பவருக்குத் தொற்று எளிதில் வரும். அலகு குத்துவதை டாக்டர் சொல்லும் வரை தள்ளி வையுங்கள். அவருக்காக வீட்டார் பால்குடம் எடுக்கலாம். முருகன் கோபித்துக்கொள்ள மாட்டான்.

கார் உள்ள அன்பர்கள் விழா முடிந்ததும் அலுவலகத்தில் பெயர் கொடுங்கள். அடுத்த மாதம் இருவரை அம்பாங் அழைத்துப் போக வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குப் புறப்பட வேண்டியிருக்கும்.