ஒரு நோட்டுப் புத்தகத்துக்காக
(ஆஸ்பத்திரியின் ஸ்தோத்திரப் பண்டிகையில் சமுதாய சுகாதாரப் பிரிவின் டாக்டர் அம்மா பேசியது)



 கட்டில் வேண்டும், ஆம்புலன்ஸ் வேண்டும் என்று கேட்டபோதெல்லாம் உற்சாகமாய்க் கொடுத்திருக்கிறீர்கள். இன்றைக்கு நான் கேட்க வந்திருப்பது ஒரு நோட்டுப் புத்தகத்துக்காக. எண்ணாகமத்தில் பெயர்ப் பட்டியல் வந்தால் நம்மில் பலர் பக்கத்தைத் தள்ளிவிடுகிறோம். நானும் அப்படித் தள்ளினவள்தான். பதிவேட்டு வேலைக்கு வந்த பிறகுதான் தேவன் ஏன் அத்தனை பெயர்களை எழுதச் சொன்னார் என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் எச்.பி.வி. என்னும் வைரஸ் கிருமியால் வருகிறது. கிருமி தங்கிவிட்டால் அது புற்றாக மாறப் பத்து, இருபது வருஷங்கள் ஆகும். ஆகவே தடுப்பூசியைச் சிறுவயதிலேயே போடவேண்டும். ஆனால் போட்ட ஊசி பலித்ததா என்று அறிய, அந்தப் பிள்ளை எங்கே வாழ்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று வருஷக்கணக்காய்த் தெரிந்திருக்க வேண்டும். இங்கேதான் நோட்டுப் புத்தகம் வருகிறது.

2009-ல் நம் தேசத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி தொடங்கிற்று. பெண்பிள்ளைகளுக்கு மூன்று தவணை ஊசி தேவையா, இரண்டு போதுமா என்பதே கேள்வி. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையிலுள்ள கிறிஸ்தவ ஐக்கிய சமுதாய சுகாதார மையமும் அதில் பங்கெடுத்தது. 2003 முதல் அந்த மாவட்டத்துக்கே புற்றுநோய்ப் பதிவேடு வைத்து வருகிற ஸ்தாபனம் அது.

அதே காலத்தில் வேறொரு திட்டத்தின் கீழ், அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வதோதராவிலும் எச்.பி.வி. தடுப்பூசி போடப்பட்டது. அந்தப் பிள்ளைகளில் ஏழு பேர் மரித்தார்கள். அந்த மரணங்களுக்கு ஊசி காரணமாயிருக்க வாய்ப்பில்லை என்று விசாரணைக் குழு சொல்லிற்று. ஆனால் பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்ததும், ஊசிக்குப் பின் நேர்ந்தவற்றை ஒழுங்காய்ப் பதிவு செய்யாததும் வெளியே வந்தன. 2013-ல் பாராளுமன்ற நிலைக்குழு கடுமையாய்க் கண்டித்தது. அது நியாயமான கண்டனம் என்றே நான் எண்ணுகிறேன். ஏழைப் பிள்ளை என்பதால் கேட்காமல் செய்யலாம் என்ற எண்ணம் மருத்துவ ஊழியத்துக்கு அடுத்ததல்ல.

இதன் காரணமாக 2010 ஏப்ரலில் அந்த ஆராய்ச்சியிலும் ஊசி போடுவது நிறுத்தப்பட்டது. 17,000-க்கும் அதிகமான பிள்ளைகள் ஊசி போட்டிருந்தார்கள். அவர்களில் 4,949 பேருக்கு ஒரே தவணைதான் கிடைத்திருந்தது. காரியம் கெட்டுப்போயிற்று என்று நோட்டை மூடிவைத்திருக்கலாம். அவர்களோ பெயர்களை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் வீடு தேடிப் போனார்கள். பிள்ளைகள் வளர்ந்து கல்யாணமாகிப் போன ஊர்களுக்கும் போனார்கள். 2021-ல் முடிவு வெளியாயிற்று. இந்தப் புற்றுநோயை அதிகமாய் உண்டாக்கும் 16, 18 என்னும் இரண்டு வகை வைரஸ்கள் நிலைத்துத் தங்குவதை ஒரே தவணை 95.4 சதவீதம் தடுத்திருந்தது. மூன்று தவணை போட்டவர்களுக்கு 93.3 சதவீதம். இதையும் ஆப்பிரிக்காவில் நடந்த ஆராய்ச்சியையும் கவனித்து, 20 வயது வரை ஒரு தவணையே போடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2022-ல் அறிவித்தது. மூன்று ஊசிக்குப் பணமில்லாத தேசங்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம்!

சுவீடன் தேசத்தில் பிறக்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு எண் உண்டு. ஊசிப் பதிவையும் புற்றுநோய்ப் பதிவையும் அந்த எண்ணால் சேர்த்துப் பார்த்தார்கள். 17 வயதுக்கு முன் ஊசி போட்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்திருக்கிறது என்று 2020-ல் கண்டார்கள். நம் ஊரிலோ, பள்ளிக்கூடத்தில் அப்பாவின் இனிஷியலோடு இருந்த பிள்ளை கல்யாணத்துக்குப் பின் கணவரின் இனிஷியலோடு திருப்பூரில் இருப்பாள். ஊசிச் சீட்டு தாய்வீட்டுப் பெட்டியில் கிடக்கும். புற்றுநோய்க்கு வைத்தியம் பார்ப்பது மதுரையிலோ கோயம்புத்தூரிலோ. இவள்தான் அவள் என்று கண்டுபிடிக்க, பதிவேட்டுக்காரர் ஆஸ்பத்திரிகளின் ரெக்கார்டு அறைகளிலும் பரிசோதனைக் கூடங்களிலும் பஞ்சாயத்து மரணப் பதிவுகளிலும் தேட வேண்டியிருக்கிறது. கடைசியில் வீட்டுக்குப் போய்க் கேட்பதே நம்பகமான வழி.

போன இடத்தில் ஒரு தாயார் கேட்டார்கள்: "டாக்டரம்மா, கல்யாணமாகாத பிள்ளைக்கு எதுக்கு இந்த ஊசி? ஊர்ல என்ன பேசுவாங்க?" கிருமி வருமுன்னே போட்டால்தான் பலன் என்று சொன்னேன். "சரி, நாளைக்கு எதுனாச்சும் ஆச்சுன்னா வந்து கேப்பீங்களா?" என்றார்கள். வருவோம் என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஆகவே எங்களுக்கு வேண்டியது ஒரு பதிவேட்டு ஊழியரின் மாதச் சம்பளம், அவர் வண்டிக்குப் பெட்ரோல், பூட்டு நன்றாயுள்ள ஒரு இரும்பு பீரோ. பீரோவைப் பற்றி வற்புறுத்திச் சொல்கிறேன். பெண்பிள்ளைகளின் விவரம் கண்டவர் கையில் அகப்படக் கூடாது. உங்கள் பெயர் எழுதிய பலகை எதிலும் வைக்க முடியாது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். வாசலில் மேஜை போட்டிருக்கிறோம். ரசீது அங்கேயே கிடைக்கும்.

ஜெபத்துக்கும் ஒரு விண்ணப்பம் உண்டு. அடுத்த மாதம் பள்ளிக்கூடங்களில் பெற்றோரைக் கூட்டிப் பேசப்போகிறோம். தகப்பன்மாரும் வரும்படி ஜெபித்துக்கொள்ளுங்கள்.