மலைக்கு வழி சொன்னவர்கள்



யாழ்ப்பாணத்தவரிடம் ஒரு மலையின் பெயரைச் சொல்லுங்கள் என்றால் முதலில் கீரிமலையைத்தான் சொல்வார்கள். அங்கே போனவர்களுக்குத் தெரியும், அது மலையன்று. கடற்கரையில் உள்ள ஒரு கேணி. நான் பிறந்து வளர்ந்த அரியாலை அதனினும் தட்டையான ஊர். ஒரு பக்கம் வயல், மறுபக்கம் கடல்நீரேரி. பனையையும் கோயில் கோபுரத்தையும் விட உயரமான எதையும் என் சிறுபராயத்தில் நான் கண்டதில்லை. இந்தத் தட்டை நிலத்தில் இருந்துகொண்டுதான், இந்துக் கல்லூரி ஒன்றிலே தமிழாசிரியனாக, பல வருடங்களாகக் குறிஞ்சித் திணையைப் படிப்பித்து வந்திருக்கிறேன். மாணவர்களும் மலையைக் காணாதவர்கள். ஆகையால் என்னைக் கேள்வி கேட்கும் ஆபத்து அதிகம் இருக்கவில்லை.

இந்த நிலைமை 2023ஆம் ஆண்டு மாசி மாதத்தில் ஓர் இரவோடு மாறியது.

சிவனொளிபாதமலைக்குப் போகவேண்டும் என்பது அம்மாவின் நெடுநாள் ஆசை. அப்பொழுது அவருக்கு வயது அறுபத்தெட்டு. மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரை மலைப் பருவகாலம். இரத்தினபுரியில் தொழில் பார்க்கும் உறவினர் ஒருவர் எல்லா ஒழுங்கையும் தான் செய்வதாகத் தொலைபேசியில் சொன்னார். ஹற்றன் பக்கம் நல்லதண்ணி வழியாகப் போனால் சனநெரிசல், படியில் நின்று நின்று ஏறவேண்டும். இரத்தினபுரிப் பக்கம் பலாபத்தல வழி கொஞ்சம் நீளம், ஆனால் நிழலும் தண்ணீரும் உள்ள நல்ல வழி. வழிகாட்ட ஒரு பொடியனையும் பிடித்துத் தருகிறேன். ஐந்து மணித்தியாலத்தில் உச்சியில் நிற்பீர்கள் என்றார். அவர் அந்த வழியால் ஒருபோதும் ஏறியதில்லை என்பது எங்களுக்குப் பின்னர்தான் தெரியவந்தது.

மலையின் உயரம் 2,243 மீற்றர். நல்லதண்ணி ஏற்கெனவே மலைநாட்டிலே உயரத்தில் உள்ள இடம். அங்கிருந்து ஏறுபவர்களுக்குப் பாதி உயரத்தைப் பஸ் வண்டியே ஏறிக் கொடுத்துவிடுகிறது. பலாபத்தல அப்படியன்று, அது தாழ்ந்த அடிவாரம். அங்கிருந்து புறப்பட்டால் அந்த உயரத்தையெல்லாம் கால்தான் ஏறவேண்டும். வரைபடத்தை ஒருமுறை விரித்துப் பார்த்திருந்தாலே இது விளங்கியிருக்கும். நான் பார்க்கவில்லை. உறவினர் சொன்னார், நம்பினேன்.

பின்னேரம் நாலு மணிக்குப் புறப்பட்டோம். வழிகாட்டியாக வந்த இளைஞன் நல்ல பிள்ளை. அம்மாவின் பையைக் கேளாமலே வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். அவனுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களம் கடைத்தெருவுக்குப் போதுமானது, மலைக்குப் போதாது. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று நான் கேட்கும்போதெல்லாம் அவன் சிரித்த முகத்தோடு ஒரே சொல்லைச் சொன்னான்: "லங்கயி." கிட்டத்தான் என்று பொருள். ஆறு மணிக்கும் லங்கயி. எட்டு மணிக்கும் லங்கயி. இடையில் மழை பிடித்தது. மழையோடு அட்டைகள் வந்தன. படி என்று சொல்லப்பட்டவை சில இடங்களில் முழங்காலளவு உயரம். சில இடங்களில் ஈரவேரும் கல்லுந்தான். இருபது படிக்கு ஒருமுறை அம்மா இருந்தார். பிறகு பத்துப் படிக்கு ஒருமுறை.

நேயர்களே, அந்த மழைக்குள் நின்றபோது எனக்கு மலைபடுகடாம் நினைவுக்கு வந்தது. புலமையைக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை. பாசி படிந்த கல்லில் கால் வழுக்கி, பக்கத்திலிருந்த கொடியைப் பிடித்துக்கொண்டபோதுதான் அது வந்தது. ஏனென்றால், கால் வழுக்கும் இடத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்று அந்தப் பாட்டிலே ஒருவன் சொல்லியிருக்கிறான்.

மலைபடுகடாம் பத்துப்பாட்டில் ஒன்று. 583 அடிகள். பெருங்கௌசிகனார் பாடியது. கூத்தராற்றுப்படை என்ற பெயரும் அதற்கு உண்டு. நன்னனிடம் பரிசு பெற்றுத் திரும்பும் கூத்தன் ஒருவன், எதிரே வறுமையோடு வரும் கூத்தர் கூட்டத்தைக் கண்டு, அவனுடைய செங்கண்மாவுக்குப் போகும் வழியைச் சொல்கிறான். இதை நாங்கள் வகுப்பிலே எப்படிப் படிப்பிக்கிறோம்? மலை வளம், மலையின் ஓசைகள், உவமைச் சிறப்பு என்று தலைப்புப் போட்டுக் குறிப்புக் கொடுக்கிறோம். நானும் அதைத்தான் செய்தேன். அது ஒரு வழிகாட்டியின் பேச்சு என்பது என் கண்ணில் படவேயில்லை.

எவ்வளவு யோக்கியமான வழிகாட்டி அவன் என்று பாருங்கள். வழியின் அளவையும் தங்கும் இடங்களையும் சொல்வேன் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறான். பிறகு ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொண்டு போகிறான். காட்டுப்பன்றிக்கு வைத்த கற்பொறிகள் அங்கே உண்டு. இருட்டில் போகவேண்டாம், தங்கி விடிந்தபின் போங்கள் என்கிறான். பாம்பு மறைந்திருக்கும் குழிகளை அடையாளம் பார்த்து விலகச் சொல்கிறான். அவ்விடத்தில் உங்கள் விறலியர் கைகூப்பித் தொழட்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறான். யானையை விரட்டப் பரணிலிருந்து எறியும் கவண்கற்கள் மூங்கிலில் பட்டுத் தெறித்து எமனைப் போல வரும். மரங்களை மறைவாகக் கொண்டு கடந்துவிடுங்கள் என்கிறான். இரவானால் கற்குகையில் உங்கள் வீட்டுக்குள் நுழைவதுபோல நுழைந்து தங்குங்கள் என்கிறான். எல்லாவற்றுக்கும் மேலாக, வழி பிரியும் சந்திகளில் புல்லை முடிந்து அடையாளம் வைத்துவிட்டுப் போங்கள் என்கிறான். அது எதற்கு? பின்னால் வருகிறவனுக்காக.

இத்தனை பயங்கரத்தைச் சொன்னால் கேட்பவன் திரும்பிப் போய்விட மாட்டானா? அவன் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. பரிசின் பெருமையையும் சொல்கிறான், பாதையின் கொடுமையையும் சொல்கிறான், தீர்மானத்தை மற்றவனிடம் விட்டுவிடுகிறான். அப்படிப் பேசுவதற்கு ஒரு தகுதி வேண்டும். அவன் அந்த வழியால் தானே போய் வந்தவன். தான் போகாத வழிக்குப் பிறரை அனுப்புகிறவர்களை எங்கள் சமூகம் நன்றாக அறியும். காணியை விற்றுப் பிள்ளையை அவர்கள் கையில் ஒப்படைத்த வீடுகள் எங்கள் ஒழுங்கைகளிலேயே இருக்கின்றன.

நள்ளிரவு கடந்து ஹெரமிட்டிபான என்ற இடத்தை அடைந்தோம். ஹெரமிட்டி என்றால் சிங்களத்தில் ஊன்றுகோல். இனி மேலே கைகளால் பிடித்து ஏறவேண்டியிருப்பதால் யாத்திரிகர்கள் ஊன்றுகோலை விட்டுச் செல்லும் இடம் என்று அந்தப் பெயருக்கு விளக்கம் சொல்வார்கள். மழை விட்டிருந்தது. வழிகாட்டிப் பிள்ளை கையை நீட்டி உச்சியைக் காட்டினான். எங்கள் தலைக்கு நேர் மேலே, நட்சத்திரம் இருக்கவேண்டிய இடத்தில், மின்விளக்குகள் தெரிந்தன. "லங்கயி" என்றான்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஏமாற்றுகிறான் என்று தமிழிலே ஏதோ உரத்துச் சொல்லிவிட்டேன். அம்மா தடுத்தார்.

"அவனை ஏன் தம்பி பேசுறாய்? செம்மணி வெளியில நான் உனக்கு என்ன சொன்னனான்?"

நேயர்களில் பலருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1995 ஐப்பசி 30ஆம் திகதி. அப்போது எனக்குப் பதினைந்து வயது. ஒலிபெருக்கி அறிவித்தலைக் கேட்டு வலிகாமமே எழுந்து எங்கள் ஊர் வழியாகத்தான் நடந்தது. அரியாலையிலிருந்து நாவற்குழிப் பாலம் சைக்கிளில் கால் மணித்தியாலத் தூரம். அன்றிரவு மழைக்குள், இலட்சக்கணக்கான சனத்துக்குள், ஒவ்வோர் அடியாக விடிய விடிய நடந்தோம். தங்கச்சியை இடுப்பிலும் அரிசிப் பையைத் தலையிலும் வைத்துக்கொண்டு அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார்: "இந்தா, பாலம் தெரியுது. கிட்டத்தான்." கும்மிருட்டு. ஒன்றும் தெரியவில்லை. ஆனால் அந்தப் பாலம் இரவு முழுவதும் தெரிந்துகொண்டே இருந்தது. இரண்டு மூன்று நாளில் திரும்பிவிடுவோம் என்றும் சொன்னார். திரும்ப ஏறத்தாழ ஆறு மாதம் ஆயிற்று.

"உண்மையைச் சொல்லியிருந்தால் நீ அந்த இடத்திலயே இருந்திருப்பாய்," என்றார் அம்மா. "நடந்துகொண்டு நிக்கிற ஆளுக்கு வேற என்னத்தைச் சொல்லுறது? வெளிக்கிட முன்னம் ஐஞ்சு மணித்தியாலம் எண்டு சொன்ன ஆளை வேணுமெண்டால் ஊருக்குப் போய்க் கேள். இவனைப் பேசாதை."

வழி சொல்வதில் இப்படி ஒரு பிரிவு இருப்பதாக உரையாசிரியர் எவரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை.

அம்மா அதற்கு மேல் ஏறவில்லை. தங்குமடத்தில் சில சிங்களப் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் தங்கள் பாயில் இடம் கொடுத்து, சுடச்சுடப் பிளேன்ரீ வார்த்தார்கள். "நீ போய்க் கும்பிட்டுப்போட்டு வா" என்று சொல்லிவிட்டு அம்மா படுத்துவிட்டார். நான் அந்தப் பிள்ளையோடு மகாகிரிதம்ப என்னும் செங்குத்தில் பிடிகம்பியைப் பற்றிக்கொண்டு ஏறினேன். உச்சியில் சூரிய உதயத்தையும், மேற்கே முகிலின் மேல் விழுந்து கிடந்த மலையின் கூர்நிழலையும் கண்டேன். அதைப் பலர் வருணித்திருக்கிறார்கள்; நான் விட்டுவிடுகிறேன். பாதத்தின் முன் நின்றபோது என் மனம் முழுவதும் கீழே தங்குமடத்தில்தான் இருந்தது.

ஊருக்கு வந்து, மாடிப்படியைக் கண்டாலே முழங்கால் நடுங்கிய அந்த வாரத்தில், இபின் பதூதாவின் பயண நூலை எடுத்துப் படித்தேன். மொறோக்கோ தேசத்தவரான அவர் 1344ஆம் ஆண்டளவில் இந்த மலையில் ஏறியவர். அவரை அனுப்பிவைத்தவர் யார் தெரியுமா? எங்கள் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திதான். புத்தளத்தில் அரசனைக் கண்டு, ஆதமின் பாதத்தைத் தரிசிப்பதே என் விருப்பம் என்கிறார் பதூதா. அது சுலபமான காரியம், ஆள் கூட்டி அனுப்புகிறேன் என்கிறான் அரசன். சொன்னபடியே பல்லக்கும், ஆண்டுதோறும் மலைக்குப் போய் வரும் யோகியர் நால்வரும், பிராமணர் மூவரும், தன் ஆட்கள் பத்துப் பேரும், சுமைகாரர் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்புகிறான். அந்தச் சுலபமான வழியிலேதான் பதூதா அட்டைகளைக் காண்கிறார்; அவற்றைக் கழற்ற மக்கள் தேசிக்காய் பிழிவதை எழுதுகிறார். பாறையில் தொங்கும் பத்துச் சங்கிலிகளைப் பற்றியும் எழுதுகிறார். பத்தாவது சங்கிலியில் நின்று கீழே பார்ப்பவன் விழுந்துவிடுவேனோ என்ற அச்சத்தில் கலிமாச் சொல்வானாம். அதனால் அந்தச் சங்கிலிக்கே கலிமாவின் பெயர். மலைக்கு இரண்டு வழிகள் உண்டு என்றும் சொல்கிறார்: பாபா வழி, மாமா வழி, அதாவது ஆதம் வழி, ஏவாள் வழி. ஏவாளின் வழி இலகுவானது. யாத்திரிகர்கள் இறங்குவது அதனால்தான். அதனால் ஏறியவனை யாத்திரை செய்தவனாகவே கணிக்கமாட்டார்களாம்.

இதை ஒருநாள் பின்னேரம் விறாந்தையில் இருந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். காலுக்கு எண்ணெய் பூசிக்கொண்டு கேட்டார். அடுத்த பருவத்துக்கு நல்லதண்ணிப் பக்கத்தால் போவோம் என்றார். அங்கேயும் ஐயாயிரம் படிக்கு மேல் உண்டு, கடைசிப் பகுதி செங்குத்து, இரவு கடுங்குளிர் என்று இந்த முறை எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் முன்கூட்டியே சொன்னேன். இலகுவான வழியால் ஏறினால் கணக்கில் எடுக்க மாட்டார்கள் என்பதையும் நினைவூட்டினேன்.

"ஆர் சொன்னது? ராசா குடுத்த பல்லக்கில வந்தவரோ?" என்று கேட்டுவிட்டு, அம்மா எண்ணெய்ப் போத்தலை மூடினார்.