மின்சாரமும் மறதியும்

கன்னிவாடி போன்ற மலையடிவார ஊரிலும் கோடையில் மின்விசிறியின்றி உறக்கமில்லை. ஆளில்லாத அறையில் சுழலும் விசிறியைத் தானே நிறுத்தும் ‘ஸ்மார்ட்’ கருவிகள் இன்று கடைக்கு வந்துவிட்டன. அவற்றால் மின்கட்டணம் குறையுமா? கணக்கிட்டுப் பார்ப்போம்.

சாதாரண மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் கொள்வது. நாள்தோறும் 2 மணி நேரம் மறந்து ஓடவிட்டால், 60 நாளில் 9 யூனிட் வீணாகும். கருவி அதனை மீட்டுத் தரும். ஆயினும், எந்நேரமும் விழித்திருக்கும் அக்கருவி ஒரு வாட் கொள்ளுமாயின், அதே 60 நாளில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட்டைத் தானே உண்டுவிடும். மறதியில்லாத வீட்டுக்கு அது நட்டமே அன்றோ?

2016-இல் தமிழக அரசு, வீடுகளுக்கு இரு மாதத்தில் முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணமில்லை என அறிவித்தது. அவ்வெல்லைக்குள் அடங்கும் சிறு வீட்டில் கருவியால் ஒரு காசும் மிஞ்சாது.

ஆகவே, கருவியை வாங்குமுன் உங்கள் மறதியை அளந்து பாருங்கள். அறையை விட்டு அகலும்போது விசையைத் தட்டும் விரலுக்கு விலையேதும் இல்லை.