பெரிய இன்ஜின் மட்டும் போதுமா?



மாரிகுப்பத்தில் கடல் இல்லை. ரயில் பாதை முடிகிற ஊர் இது. சுரங்கமும் ரயிலும்தான் இங்கே எல்லோருக்கும் தெரியும். அப்படியிருக்க, இன்று படகைப் பற்றி ஏன் பேச்சு?

காரணம் இருக்கிறது. தங்கவயலுக்குக் குடிதண்ணீர் தந்த பேத்தமங்கலம் ஏரி பாலாற்றில் இருக்கிறது. பாலாறு இங்கேயே நின்றுவிடுவதில்லை. ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் வழியாகப் போகிறது. கடைசியில் கல்பாக்கத்துக்குத் தெற்கே, வாயலூர் அருகில், கடலில் சேருகிறது. அந்தக் கரையில் மீனவர் குப்பங்கள் இருக்கின்றன.

அந்தக் கரையில் உள்ளவர்களின் கவலையும் இந்த ஊரில் உள்ளவர்களின் கவலையும் ஒன்றுதான். இருக்கிற மெஷின் போதுமா? கடன் வாங்கிப் பெரிய மெஷின் வைக்கலாமா? இதுதான் இன்றைய பேச்சு.

மோட்டார் வந்த கதை

முன்பு கட்டுமரம் துடுப்பாலும் பாயாலும் ஓடியது. 1953-ல் கேரளத்தில் கொல்லம் அருகே நீண்டகரையில் ஒரு திட்டம் தொடங்கியது. நார்வே நாடு அதற்கு உதவியது. பழைய நாட்டுப் படகில் இன்ஜினை வைத்துப் பார்த்தார்கள். அது சரியாகப் பொருந்தவில்லை. பிறகு இன்ஜினுக்கு ஏற்ற புதிய படகுகளைக் கட்டினார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. படகு ஒன்று, இன்ஜின் ஒன்று என்று பிரித்துப் பார்க்கக் கூடாது. இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

சுரங்கத்தில் வேலை செய்த பெரியவர்களுக்கு இது புதிதல்ல. ஆளை ஏற்றி இறக்கும் கூண்டை வேகமாக ஓட்ட, மேலே உள்ள இன்ஜினை மட்டும் பெரிதாக்கினால் போதுமா? கம்பிக் கயிறு தாங்க வேண்டும். பிரேக் பிடிக்க வேண்டும். இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

2004-ல் சுனாமி வந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டுக் கரையில் கட்டுமரம் குறைந்தது. ஃபைபர் படகு பெருகியது. படகோடு இன்ஜினும் வந்தது. இன்ஜினோடு டீசல் செலவும் வந்தது.

படகு கரையில் நிற்கும் காலம்

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் உண்டு. முதலில் அது 45 நாள். 2017 முதல் 61 நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் முட்டையிட்டுப் பெருகுவதற்காக இந்தத் தடை.

சிறிய ஃபைபர் படகுகளுக்கு வேறு விதமான ஓய்வு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயலும் மழையும் வரும். பல நாட்கள் கடலுக்குப் போக முடியாது. படகு மணலில் ஏறி நிற்கும். வருமானம் இருக்காது. அப்போதுதான் இன்ஜினைப் பிரிப்பார்கள். அப்போதுதான் பெரிய இன்ஜின் ஆசையும் வரும்.

ஒரு குடும்பம்

ஒரு மீனவர் குடும்பத்தை மனதில் வைத்துக்கொள்வோம். கணவர் கடலுக்குப் போகிறார். மனைவி மீன் விற்கிறார். படகு 25 அடி நீளம். டீசல் இன்ஜின் 10 ஹெச்.பி. ஹெச்.பி. என்றால் குதிரைத்திறன். இன்ஜினின் பலத்தை அளக்கும் அளவு அது.

"பக்கத்துப் படகு முன்னாடியே கரைக்கு வந்துடுது. ஏலத்துல அவனுக்குத்தான் நல்ல விலை. நாமும் 20 ஹெச்.பி. வைக்கணும்" என்கிறார் கணவர்.

அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதலில் வரும் மீனுக்கு விலை அதிகம். ஐஸ் இல்லாத படகில் நேரம் ஆக ஆக மீன் கெடும்.

"சரிங்க. எவ்வளவு முன்னாடி வருவோம்? அதுக்கு எவ்வளவு செலவாகும்? எழுதிப் பார்த்துட்டுச் சொல்லுங்க" என்கிறார் மனைவி. அவர் அறிவொளி வகுப்பில் கணக்கு படித்தவர்.

கணக்குப் போடுவோம்

10 ஹெச்.பி.யில் படகு மணிக்கு 12 கிலோமீட்டர் போகிறது. 20 ஹெச்.பி. வைத்தால் 24 கிலோமீட்டர் போகுமா?

போகாது. தண்ணீர் வழி விடாது. தண்ணீரைப் பிளந்து தள்ளிக்கொண்டு போகிற படகில், வேகம் 2 மடங்காக வேண்டும் என்றால் பலம் சுமார் 8 மடங்கு வேண்டும். பலத்தை 2 மடங்காக்கினால் வேகம் கால் பங்குதான் கூடும். அதாவது 12 கிலோமீட்டர் 15 ஆகும்.

மீன் கிடைக்கும் இடம் 12 கிலோமீட்டர் தூரம் என்று வைப்போம். பழைய இன்ஜினில் 60 நிமிடம். புதிய இன்ஜினில் 48 நிமிடம். போக வர மிச்சம் 24 நிமிடம்.

இனி டீசல். முழு வேகத்தில் ஒரு ஹெச்.பி.க்கு மணிக்கு சுமார் கால் லிட்டர் ஆகும். பழைய இன்ஜினுக்கு மணிக்கு இரண்டரை லிட்டர். போக வர 2 மணி நேரம். மொத்தம் 5 லிட்டர். புதிய இன்ஜினுக்கு மணிக்கு 5 லிட்டர். போக வர 96 நிமிடம். மொத்தம் 8 லிட்டர். நாளுக்கு 3 லிட்டர் கூடுதல். மாதம் 20 நாள் கடலுக்குப் போனால் 60 லிட்டர் கூடுதல். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 5,400 ரூபாய்.

இன்ஜினுக்கு ஒரு லட்சம் கடன். நூற்றுக்கு 2 ரூபாய் வட்டி. மாதம் 2,000 ரூபாய். இரண்டும் சேர்த்து 7,400 ரூபாய். 20 நாளால் வகுத்தால் நாளுக்கு 370 ரூபாய்.

ஆகக் கேள்வி இதுதான். அந்த 24 நிமிடம் ஒவ்வொரு நாளும் 370 ரூபாய் கூடுதலாகக் கொண்டுவருமா? அசல் இதில் சேரவில்லை. கொண்டுவரும் என்றால் வாங்கலாம். வராது என்றால் கடல் தந்ததை வட்டியும் டீசலும் தின்றுவிடும். ஏலத்தின் விலை ஏற்ற இறக்கம் மீன் விற்கும் மனைவிக்குத்தான் நன்றாகத் தெரியும். அவரைக் கேட்காமல் முடிவு எடுக்கக் கூடாது.

ஒளிந்திருக்கும் வேகம்

கடன் வாங்காமல் வேகம் கூட்ட வழி இல்லையா? இருக்கிறது. படகு கரையில் நிற்கும்போதே அதைச் செய்யலாம்.

முதலாவது, படகின் அடிப்பாகம். பாசியும் கொட்டலசும் ஒட்டினால் படகு கனத்து இழுக்கும். அதே வேகத்துக்கு அதிக டீசல் ஆகும். நன்றாகச் சுரண்டிக் கழுவ வேண்டும். கீறலை அடைத்துப் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

இரண்டாவது, தண்ணீருக்குள் சுற்றும் விசிறி. இதன் இதழ் வளைந்திருந்தாலோ, ஓரம் உடைந்திருந்தாலோ இன்ஜின் பலம் வீணாகும். விசிறி இன்ஜினுக்குப் பெரிதாக இருந்தால் இன்ஜின் திணறும், கரும்புகை விடும். சிறிதாக இருந்தால் இன்ஜின் சும்மா வேகமாகச் சுற்றும், படகு நகராது. சில சமயம் விசிறியை மாற்றினாலே போதும். இன்ஜினை மாற்ற வேண்டாம்.

மூன்றாவது, இன்ஜின். டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர் இரண்டையும் பார்க்க வேண்டும். நாசில் சரியாக டீசலைத் தூவுகிறதா என்று மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும். ஆயில் மாற்ற வேண்டும். டீசலில் தண்ணீர் கலந்திருந்தால் வடிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் பட்ட இடங்களை நல்ல தண்ணீரால் கழுவ வேண்டும்.

நான்காவது, பாரம். படகுக்குள் தேங்கிய தண்ணீர், வேண்டாத கயிறு, பழைய வலை எல்லாம் சுமைதான். இறக்கிவிட்டால் படகு மிதந்து ஓடும்.

இத்தனையும் செய்த பிறகு ஒரு நோட்டில் எழுதுங்கள். நாள், போன நேரம், வந்த நேரம், டீசல் லிட்டர், மீன் விற்ற பணம். ஒரு மாதம் எழுதினால் உண்மை தெரிந்துவிடும்.

உயிரும் முக்கியம்

பெரிய இன்ஜின் கனமானது. பின்பக்கம் வைத்தால் பின்பக்கம் தாழும். கரையில் அலை உடையும் இடத்தில் தண்ணீர் உள்ளே ஏறும். அதிர்ச்சி தாங்காமல் இன்ஜின் உட்கார்ந்த இடத்தில் ஃபைபர் விரிசல் விடலாம். வேகமாகப் போகும்போது சட்டென்று திருப்பினால் ஆள் தண்ணீரில் விழலாம். இந்தப் படகு எத்தனை ஹெச்.பி. தாங்கும் என்று படகு கட்டியவரைக் கேட்டு, எழுதி வாங்க வேண்டும். லைஃப் ஜாக்கெட்டும் வேண்டும்.

போட்டிக்கு முடிவு உண்டா?

ஒருவர் பெரிய இன்ஜின் வைத்தால் அடுத்தவர் அதைவிடப் பெரிதாக வைப்பார். எல்லோரும் வைத்த பிறகு யார் முதலில் வருவார்? பழையபடி எல்லோரும் ஒன்றாகத்தான் வருவார்கள். கடன் மட்டும் எல்லோருக்கும் கூடியிருக்கும். கடலில் மீன் கூடியிருக்காது.

பெரிய படகுகளில் இந்தப் போட்டி வளர்ந்தது. அதனால் கரைக்குக் கரை சண்டையும் வந்தது. தமிழ்நாட்டில் 1983-லேயே கடல் மீன்பிடிப்பை ஒழுங்குபடுத்தச் சட்டம் வந்தது. 2020-ல் வந்த விதிகள் விசைப்படகு இன்ஜினுக்கு 240 ஹெச்.பி. என்று எல்லை வைத்தன. இன்ஜின் மாற்றும் முன் மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

மாரிகுப்பத்துக்கு வருவோம்

2001-ல் சுரங்கம் மூடியது. அதன் பிறகு பலர் தினமும் ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். சிலர் ஆட்டோ ஓட்டுகிறார்கள். சிலர் தையல் மெஷின் வைத்திருக்கிறார்கள். இவர்களுக்கும் ஒரு நாள் அந்தக் கேள்வி வரும். பெரியதாக வாங்கலாமா?

வாங்க வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. முதலில் இருப்பதைச் சுத்தம் செய்யுங்கள். பழுது பாருங்கள். பிறகு கணக்கு எழுதுங்கள். கடன் பத்திரத்தை முழுவதும் படியுங்கள். புரியாத வரியைக் கேளுங்கள். அதன் பிறகு கையெழுத்துப் போடுங்கள்.

முன்பு கைநாட்டு வைத்தபோது பத்திரத்தில் என்ன இருந்தது என்று தெரியாது. இப்போது எழுத்து கையில் இருக்கிறது. அதைப் பயன்படுத்துவோம்.