கொடுத்த செடி திரும்பி வந்தது



இன்றைய பேச்சு குண்டுமல்லிச் செடி பற்றியது. ஒரு செடியை வீட்டிலேயே இரண்டாக்குவது எப்படி? முதலில் ஒரு சிறு கதை. இது கதைதான். ஆனால் எந்தச் சந்திலும் நடக்கக்கூடியது.

பெங்களூர் ஆஸ்டின் டவுனில் ஒரு சந்து. வீடுகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். கொல்லை கிடையாது. வாசல்படிதான் தோட்டம். அந்தப் படியில் ஒரு பாட்டி பழைய பெயிண்ட் டப்பாவில் மல்லி வளர்த்தாள். யார் கேட்டாலும் பதியம் போட்டுக் கன்று கொடுப்பாள். "அம்மா, எல்லாருக்கும் கொடுத்தால் நம் செடி இளைத்துவிடும்" என்பாள் மகள். பாட்டி சிரிப்பாள்.

பாட்டி ஒருநாள் காலமானாள். அந்தச் செடியில் பூப் பறிக்கும்போதெல்லாம் மகளுக்குத் தாயின் நினைவு வரும்.

பிறகு பக்கத்து வீட்டை இடித்துக் கட்டினார்கள். சுண்ணாம்பும் சிமெண்டும் கலந்த தண்ணீர் டப்பாவில் விழுந்தது. இலைகள் மஞ்சளாயின. பத்தே நாளில் செடி பட்டுப்போனது. மகள் படியில் உட்கார்ந்து அழுதாள்.

எதிர்வீட்டு அக்கா வந்தாள். "ஏன் அழுகிறாய்? உன் அம்மா கொடுத்த செடி என் மாடியில் பூத்துக் குலுங்குகிறது. வா, பதியம் போடலாம்" என்றாள்.

அது ஆனி மாதம். மழை தொடங்கிவிட்டது. ஜூன் முதல் நவம்பர் வரை பதியம் போட நல்ல காலம். இருவரும் இப்படிச் செய்தார்கள்.

ஒரு சிறு தொட்டி எடுத்தார்கள். அதன் அடியில் ஓட்டை இருந்தது. செம்மண், மணல், மக்கிய சாண எரு மூன்றையும் சம அளவு கலந்து நிரப்பினார்கள். தொட்டியைத் தாய்ச்செடியின் பக்கத்தில் வைத்தார்கள்.

வளையக்கூடிய ஒரு கிளையைத் தேர்ந்தார்கள். அது மிக இளசும் இல்லை, மிக முற்றலும் இல்லை. நுனியில் ஒரு சாண் விட்டார்கள். அதற்குக் கீழே ஒரு கணு. அந்தக் கணுவின் அடியில் கத்தியால் சாய்வாக ஓர் அங்குலம் கீறினார்கள். கிளையைத் துண்டிக்கவில்லை. கீறிய இடத்தைத் தொட்டி மண்ணில் இரண்டு அங்குல ஆழம் புதைத்தார்கள். மேலே ஒரு கல் வைத்தார்கள். இலையுள்ள நுனி வெளியே நின்றது.

மகள் அறிவொளி வகுப்பில் எழுதக் கற்றவள். வீட்டுக் காலண்டரில் அன்றைய தேதியில் "பதியம்" என்று எழுதி வைத்தாள்.

கீறிய இடத்தில் ஏன் வேர் வருகிறது? இலைகள் சமைக்கும் உணவு பட்டை வழியாகக் கீழே இறங்கும். வேரைத் தூண்டும் ஒரு பொருளும் நுனியிலிருந்து இறங்கும். பட்டை அறுபட்ட இடத்தில் இரண்டும் தேங்கும். இருட்டும் ஈரமும் சேர்ந்தால் அங்கே வேர் விடும். அதுவரை தாய்ச்செடி தண்ணீர் கொடுத்துக் காப்பாற்றும். தொப்புள்கொடி அறுக்காத பிள்ளை போல.

மண் காயக்கூடாது. சேறாகவும் ஆகக்கூடாது. சேறானால் கிளை அழுகிவிடும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்தால் அதில் தண்ணீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு அங்கே முட்டையிடும்.

வேர் பிடிக்க மூன்று, நான்கு மாதம் ஆகும். ஐப்பசியில் மகள் கிளையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். வரவில்லை. மண் இறுகப் பிடித்திருந்தது. வேர் விட்டாயிற்று! தாய்ச்செடிப் பக்கம் வெட்டிப் பிரித்தார்கள். ஒரு வாரம் நிழலில் வைத்தார்கள். பிறகு வெயிலுக்கு மாற்றினார்கள். மல்லிக்கு வெயில் வேண்டும். வெயில் குறைந்தால் இலைதான் வரும், பூ வராது.

குண்டுமல்லி பொதுவாக விதை பிடிப்பதில்லை. மனிதர் கையால்தான் அது பெருகுகிறது. ராமேசுவரம் தீவில் தங்கச்சிமடம் என்ற ஊர் இருக்கிறது. அங்கே மல்லிகைக் கன்று வளர்ப்பதே பலருக்குப் பிழைப்பு. அந்தக் கன்றுகள் மதுரைப் பக்கத் தோட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் போகின்றன. மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடல் தாண்டியும் இந்தப் பூவுக்கு மதிப்பு உண்டு. பிலிப்பைன்ஸ் நாட்டில் 1934 முதல் இதுதான் தேசியப் பூ.

பதியத்தில் வந்த கன்று புதுச்செடி அல்ல. தாய்ச்செடியின் உடம்பில் ஒரு பங்கு. அதனால் அதே பூ, அதே மணம். மகளின் படியில் இப்போது இருப்பதும் பாட்டி வளர்த்த அதே செடிதான்.

பாட்டி ஏன் சிரித்தாள் என்பது மகளுக்குப் புரிந்தது. ஒரு வீட்டில் மட்டும் இருக்கும் செடி ஒருநாள் பட்டுப்போகும். நான்கு வீட்டில் இருந்தால் ஏதாவது ஒரு வீட்டில் பிழைத்திருக்கும்.

அடுத்த ஆனியில் அவளும் ஒரு பதியம் போட்டாள். சந்தின் கடைசி வீட்டுக்குப் புதிதாக ஒரு குடும்பம் குடிவந்திருந்தது. கன்று அவர்களுக்குப் போனது.

உங்கள் வீட்டுச் செடி யார் கொடுத்தது? நீங்கள் யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்? இரண்டு பெயரையும் நோட்டில் எழுதுங்கள்.