தாய்மாரின் ஓய்வு



மூணாற்றிலும் நெல்லியாம்பதியிலும் வைகறையில் எழுந்து சமைத்து, பகலெல்லாம் தோட்டத்தில் உழைத்து, இரவிலும் வீட்டுப் பணி செய்பவள் நம் தமிழ்ப் பெண். மாதவிலக்கு முறை தவறினாலும் அவள் வாய் திறவாள்.

வெவ்வேறு துன்பங்களுக்கு ஆட்பட்ட எலிகள் அனைத்திலும், சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் பருத்திருப்பதை 1936-இல் ஹான்ஸ் செலியே என்னும் அறிஞர் கண்டார். மனிதருக்கும் ஓயாக் கவலையால் அச்சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கின்றன. அப்போது சூற்பைகளை இயக்க மூளை விடுக்கும் ஆணை தளர்கிறது, மாதவிலக்கும் பிறழ்கிறது.

‘கவலையை விடு’ என்று சொல்லுதல் எளிது. சுமையைக் குறைப்பதன்றோ மருந்து? 2015-இல் ‘பெம்பிளை ஒருமை’யாகத் திரண்ட மூணாற்றுப் பெண்கள் 20 விழுக்காடு போனஸ் பெற்றனர், 232 ரூபாயாக இருந்த நாட்கூலி 301 ஆயிற்று. வீதியில் வென்றவர்க்கு வீட்டில் ஓய்வு வேண்டாவா?

ஆடவர்களே! தண்ணீர் கொணர்தலையும் பாத்திரம் துலக்கலையும் நீங்கள் ஏற்றால், அவர்களுக்கு ஏழு மணி நேர உறக்கமும் வேளைக்கு உணவும் கிட்டும்.

தாய்மார்களே! மூன்று திங்கள் விலக்கு வாராவிடினும், உதிரப்போக்கு மிகுந்தாலும் மருத்துவரை நாடுங்கள். தைராய்டுக் கோளாறாயின் ஓய்வு மட்டும் அதனைத் தீர்க்காது. நாணத்தால் நோயை வளர்க்க வேண்டா.