சிறுநீர்ப்பைப் புற்றுநோய்: காத்திருக்கும் நாட்களும் வரையறுத்த வழிமுறையும்

(உரையின் எழுத்து வடிவம்)

வளர்ச்சித் திட்டங்களில் பணமும் ஆளும் கருவியும் கணக்கிடப்படுகின்றன. நோயாளி காத்திருக்கும் நாட்கள் பெரும்பாலும் கணக்கில் ஏறுவதில்லை. சிறுநீர்ப்பைப் புற்றுநோயில் இக்குறைக்குக் கொடுக்கப்படும் விலை அதிகம்.

நோயின் இயல்பு

வலியின்றிச் சிறுநீரில் இரத்தம் போவது இந்நோயின் முக்கிய அறிகுறி. அது தானே நின்றுவிடுவதும் உண்டு. நோயாளி தேறிவிட்டதாக எண்ணிக்கொள்கிறார். பெண்களிடம் இது வெறும் சிறுநீர்த் தொற்று எனக் கருதப்படுவதால் காலம் மேலும் கழிகிறது. புகையிலையே முதன்மைக் காரணம். சாயத் தொழிலில் பயன்பட்ட சில வேதிப்பொருள்களும் காரணமாகும். கண்டறியப்படும் கட்டிகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு தசையை ஊடுருவாதவை. சிறுநீர்வழியே கருவி செலுத்தி அவற்றை அகற்றலாம். ஊடுருவிய பின்னர் சிறுநீர்ப்பையையே எடுக்க நேரிடலாம். அந்த அறுவை மூன்று மாதங்களுக்கு மேல் தள்ளிப்போனால் பிழைக்கும் வாய்ப்புக் குறைகிறது என ஆய்வுகள் காட்டியுள்ளன.

சுவீடனின் பட்டறிவு

டென்மார்க் 2008இல் தொடங்கிய முறையைப் பின்பற்றி, சுவீடன் 2015இல் ஐந்து வகைப் புற்றுநோய்களுக்கு வரையறுத்த வழிமுறையை வகுத்தது. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் அவற்றுள் ஒன்று. ஐயம் வலுப்பட்ட நாளிலிருந்து நாட்கணக்கு தொடங்குகிறது. சோதனைகளின் வரிசை முன்கூட்டியே குறிக்கப்படுகிறது. ஒரு செவிலியர் நோயாளியின் தொடர்புக்குப் பொறுப்பேற்கிறார். புதிய மருந்தோ கருவியோ இதில் இல்லை. கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போகும் காலமே குறைக்கப்படுகிறது. விரைவுப் பாதையில் செல்வோருக்காகப் பிற நோயாளிகளின் தொடர்சோதனைகள் தள்ளிப்போகலாம் என்ற கவலையும் அங்கு எழுந்தது. ஆகவே பாதையை வகுப்பதோடு, அதற்கு வேண்டிய ஆட்களையும் ஒதுக்கியாக வேண்டும்.

எல்லைப்புறத்தின் நிலை

நெய்யாற்றின்கரை வட்டத்தில், குமரி மாவட்டத்தை ஒட்டியது காரோடு. இங்குள்ள ஒருவர் ஆரம்ப நிலையம், பாறசாலை, நெய்யாற்றின்கரை எனப் படிப்படியாகச் சென்று திருவனந்தபுரத்தை அடையக்கூடும். அங்கு 1951இல் தோன்றிய மருத்துவக் கல்லூரியும், 1981இல் அமைந்த மண்டலப் புற்றுநோய் மையமும் உள்ளன. அம்மையத்தைக் கேரள மக்களோடு தென் தமிழகத்தாரும் நாடிவருகின்றனர். தூரம் பெரிதன்று, படிகளே பல. ஒவ்வொரு படியிலும் சோதனை மீண்டும் தொடங்குமானால், நாட்கூலி பெறுவோர் கூலியையும் இழந்து, பேருந்துச் செலவையும் ஏற்க வேண்டும். மனம் தளர்ந்து பாதியில் நின்றுவிடுவோரின் இழப்பு எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

செய்யத்தக்கவை

2010இல் தொடங்கிய தேசிய தொற்றாநோய்த் திட்டத்தின் பரிசோதனைகள் வாய், மார்பகம், கருப்பைவாய்ப் புற்றுநோய்களைச் சார்ந்தவை. சிறுநீர்ப்பைக்கு அத்தகைய பொதுப் பரிசோதனை இல்லை. அறிகுறியே முதல் வாயில். எனவே, இரத்தம் ஒருமுறை கண்ணுக்குத் தெரிந்தாலும் ஆரம்ப நிலையத்தில் அது பதியப்பட வேண்டும். வட்ட மருத்துவமனையிலேயே ஸ்கேன் முடித்து, பையினுள் கருவியிட்டுப் பார்க்கும் நாளும் அங்கேயே குறித்துத் தரப்பட வேண்டும். திசு ஆய்வு முடிவு நோயாளியின் கையில் அன்றி, மருத்துவமனைகளுக்குள்ளேயே செல்ல வேண்டும். ஒருவர் குறித்த நாளில் வராவிடில் தேடிச் சென்று அழைக்க, 2005இல் தொடங்கிய ஆஷா பணியாளர் அமைப்பு உண்டு. மாநில எல்லை இப்பாதையைத் துண்டிக்காதவாறு இரு மாவட்டங்களும் ஒரே படிவத்தைக் கையாளலாம். 2012இல் உருவான தேசியப் புற்றுநோய் வலைப்பின்னல் சிகிச்சை நெறிகளை வகுத்துத் தந்துள்ளது. அவற்றோடு நாட்களின் அளவையும் சேர்த்து, மாதந்தோறும் மாவட்டக் கூட்டத்தில் ஆராய்வது நிர்வாகத்தின் கடமை.

சிகிச்சை எவ்வளவு பேருக்கு அளிக்கப்பட்டது என்பது பாதிக் கணக்கு. எத்தனை நாளில் அளிக்கப்பட்டது என்பதும் சேர்ந்தால்தான் கணக்கு முழுமை பெறும்.